கோப்பி விளையாத யாழ்ப்பாணத்தின் கோப்பி வரலாறு

கோப்பிச் செடிக்கு வேண்டியவற்றுள் பெரும்பாலானவை யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. உலகச் சந்தையில் நெடுங்காலமாக முதலிடம் வகித்துவரும் அரபிக்கா இனம், எத்தியோப்பிய உயர்நிலக் காடுகளில் பெருமரங்களின் நிழலில் தோன்றியதாதலால், 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரையான மிதவெப்பத்தையும், ஆண்டுக்கு 1,500 மில்லிமீற்றருக்குக் குறையாத மழையையும், நீர் தேங்காது வடியும் சரிவு நிலத்தையும், சற்றே அமிலத்தன்மை கொண்ட மக்கு மண்ணையும் நாடுகிறது. குடாநாடோ சுண்ணாம்புக் கற்பாறைமீது மெல்லிதாகப் படிந்த மண்ணைக் கொண்டது. அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வாடைக்காலத்தில் கொட்டித் தீர்ந்துவிட, எஞ்சிய மாதங்களில் கிணற்று நீரைத் துலாவால் இறைத்தே தோட்டம் செய்யவேண்டியிருந்தது. அந்த மண்ணுக்கு இசைந்த பணப்பயிராகப் புகையிலையே நிலைபெற்றது. இக்காரணத்தால் இலங்கைக் கோப்பியின் வரலாறு கண்டி, மாத்தளை, பதுளைப் பகுதிகளின் வரலாறாக மட்டுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பயிர் நின்ற நிலத்தை மட்டும் பார்க்கும் இப்பார்வை குறையுடையது. கோப்பித் தோட்டத்துக்கு ஆள் சென்ற பாதை, அப்பாதையில் நோய் பரவிய வழி, பயிர்ச்செய்கையைத் தமிழில் சொன்ன நூல் அச்சான இடம், தோட்டப் பொருளாதாரம் வேண்டிநின்ற எழுதுவினைஞர் பயின்ற பள்ளி ஆகியவற்றைத் தேடிச் சென்றால், அவை ஒவ்வொன்றும் யாழ்ப்பாணத்தைத் தொட்டே நிற்கின்றன.

இத்தொடர்பு பிரித்தானியர் வருகைக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே தொடங்கிவிட்டது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், குடாநாட்டையும் வன்னியையும் மன்னாரையும் ‘கொமாண்டர்’ எனப்பட்ட ஒரு தலைமை அதிகாரியின்கீழ் வைத்து ஆண்டனர். 1690களில் அப்பதவியை வகித்த ஹென்றிக் சுவார்டெகுரூன், மலையாளக் கரைக்கு ஆணையாளராகச் செல்ல நேர்ந்தபோது, தாம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாண நிருவாக சபை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை விளக்கி 1697இல் ஒரு நீண்ட குறிப்பேட்டை எழுதிவைத்தார். யானை பிடித்தல், சாயவேர் தோண்டுதல், காணித் தோம்பு, வரி முதலியவற்றை நுணுகிப் பேசும் அக்குறிப்பேடு 17ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தை அறிய விரும்புவோருக்கு இன்றும் இன்றியமையாத மூலமாகும். ஆனால் உலக வரலாற்றில் அவர் பெயர் நிலைத்தது வேறொரு செயலால். 1699இல் மலையாளக் கரையிலிருந்து கோப்பிக் கன்றுகளை அவர் யாவாத் தீவுக்குக் கொண்டுசேர்ப்பித்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அனுப்பப்பட்ட முதற்கன்றுகள் வெள்ளத்தில் அழிந்துபோக, இரண்டாம் முறை சென்றவையே வேர்பிடித்தன. யாவாவிலிருந்து 1706இல் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துக்குச் சென்ற செடியின் வழித்தோன்றல் ஒன்று 1714இல் பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயிக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. பாரிஸ் நகரிலிருந்து மார்ட்டினிக் தீவுக்கும், அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்தின் பல பகுதிகளுக்கும் அதே குடும்பம் பரவியது. சுவார்டெகுரூன் பின்னர் ஒல்லாந்தக் கிழக்கிந்தியப் பகுதிகளின் ஆளுநர் நாயகமாகி, 1718 முதல் 1725 வரை யாவாக் கோப்பியைப் பெருவணிகமாக வளர்த்தெடுத்தார். ஒரு கோப்பிக் கொட்டையும் விளையாத நாட்டில் அதிகாரம் செலுத்திய ஒருவர், அங்கிருந்து ஒரு பயணம் சென்றதன் விளைவாகப் பாதி உலகின் கோப்பிக்கு மூலவராக அமைந்தார் என்பது, காலனித்துவ வணிகம் எத்துணை விரிந்த வலையாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. அந்த ஒரே குடும்பத்தின் கதை பின்னர் வேறொரு காரணத்துக்காகவும் நினைவுகொள்ளத்தக்கது.

ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் மேற்குத் தாழ்நிலத்திலும் கோப்பியைப் பயிரிட முயன்றனர். வெப்பம் மிகுந்த அந்நிலம் அதற்கு ஏற்றதாயில்லை, யாவாவின் விளைச்சலோடு போட்டியிடும் விருப்பமும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு இல்லை, முயற்சி கைவிடப்பட்டது. கண்டி இராச்சியத்தின் வீட்டுத் தோட்டங்களில் மட்டும் செடி தானாக வளர்ந்துகொண்டிருந்தது. அதன் இளந்தளிரைக் கறிக்கும் வெண்பூவை விகாரைப் பூசைக்கும் பயன்படுத்தினர் என்று பிரித்தானிய எழுத்தாளர்கள் குறித்துள்ளனர்.

1815இல் கண்டி வீழ்ந்தபின் நிலைமை மாறியது. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப் பாதை வெட்டுவித்து, கன்னொறுவையில் தாமே ஒரு கோப்பித் தோட்டத்தைத் திறந்து, கோப்பியின் ஏற்றுமதித் தீர்வையையும் நீக்கினார். ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகிலுள்ள சின்னபிட்டியவில் அதே காலத்தில் தோட்டமிட்டார். எனினும் உண்மையான பெருக்கம் வந்தது 1830களின் நடுப்பகுதியிலேயே. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதனால் அங்கே கோப்பி உற்பத்தி தளர்ந்ததும், இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் சமமான இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டதும், ஐரோப்பிய முதலைக் கண்டி மலைகளின் பக்கம் திருப்பிவிட்டன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காட்டு நிலங்களையும் சேனை நிலங்களையும் முடிக்குரியவை எனக் கொண்டது. 1841இல் மட்டும் 78,000 ஏக்கருக்கு மேற்பட்ட முடிக்குரிய நிலம் விற்கப்பட்டது. ஏக்கருக்கு ஐந்து சிலிங் என்ற விலையில் வாங்கியவர்களுள் தேசாதிபதியும் குடியேற்ற நாட்டுச் செயலாளரும் நீதியரசர்களும் இராணுவ அதிகாரிகளும் அடங்குவர்.

நிலம் கிடைத்தது, வேலையாள் கிடைக்கவில்லை. தமக்கென வயலும் தோட்டமும் வைத்திருந்த கண்டிச் சிங்கள விவசாயிகள் காடு வெட்டி அழிக்கும் ஒப்பந்த வேலைகளை ஏற்றார்களேயன்றி, நாள்தோறும் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களைத் திரட்டிப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, வந்து நிற்க இசையவில்லை. ஆகவே தோட்டத் துரைமார் தென்னிந்தியாவின் பக்கம் திரும்பினர். இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த மக்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் திரட்டினர். முன்பணம் தொழிலாளியின் கடனாயிற்று. கடன்தொகையை எழுதிய ‘துண்டு’ கைக்குக் கிடைக்காமல் அவர் மற்றொரு தோட்டத்துக்கு மாற முடியாது. கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆவணியில் ஆள்திரட்டலோடு தொடங்கி ஐப்பசி, கார்த்திகையில் உச்சமடைந்து தையோடு முடிவதால், இம்மக்களிற் பலர் ஒரு பருவத்துக்கு மட்டும் வந்து, ஊர் நெல்லறுப்புக்குத் திரும்பிச் செல்வோராக இருந்தனர். தேயிலையைப்போல ஆண்டு முழுவதும் ஆள் வேண்டாத பயிர் கோப்பி என்பதே இந்தப் போக்குவரத்தை உருவாக்கியது.

இவ்விடத்திலேயே யாழ்ப்பாணம் நேரடியாக உள்ளே வருகிறது. தொண்டி, பாம்பன் முதலிய துறைகளிலிருந்து தோணியேறியோர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். ‘வடக்குப் பாதை’ எனப்பட்ட அவ்வழி, பெருமளவு வறண்ட காடு. குளம் வற்றினால் குடிக்கச் சேற்று நீர்தான். 1833இல் இலங்கை ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டபோது அமைந்த வட மாகாணம், இன்றைய வடமத்திய மாகாணத்தின் நுவரகலாவியப் பகுதியையும் உள்ளடக்கியதாய், 1873 வரை அப்படியே நீடித்தது. அதாவது, கோப்பித் தொழிலாளி இலங்கை மண்ணில் கால்வைத்த இடம் முதல் மலையடிவாரத்தை நெருங்கும் வரையிலான காட்டுவழி முழுவதற்கும் பொறுப்பாயிருந்தது யாழ்ப்பாணக் கச்சேரி, அதாவது மாகாண நிருவாக அலுவலகம். 1829 முதல் 1867இல் கோப்பாயில் இறக்கும் வரை அங்கே அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக், ‘வடக்கின் ராசா’ என்று சொல்லத்தக்க அதிகாரத்தோடு இந்நிலப்பரப்பை ஆண்டவர். பாதையோரத்தில் கிணறும் தங்குமடமும் வேண்டுமா, அவற்றுக்கு யார் செலவழிப்பது என்ற பூசல், இலாபம் பெற்ற துரைமாருக்கும், வரி பெற்ற கொழும்பு அரசுக்கும், பாதையைப் பராமரிக்க வேண்டிய மாகாணத்துக்கும் இடையே ஓயாது நடந்தது. நடந்து சென்றவர்களோ அப்பூசல் முடியும்வரை காத்திருக்க இயலாமல் வழியிலேயே மடிந்தனர். 1840களில் வாந்திபேதியாலும் அம்மையாலும் பட்டினியாலும் அப்பாதையிலும் தோட்டங்களிலும் இறந்தோரின் தொகையை அக்காலத்தவர் பல பத்தாயிரமாக மதிப்பிட்டனர். பெயர்ப்பதிவே இல்லாத மக்களின் சாவை எண்ணுவதற்கு எவரிடமும் வழி இருக்கவில்லை.

பாதை நெடுக நடந்த நோய் குடாநாட்டையும் விட்டுவைக்கவில்லை. தென்னிந்தியக் கரையோடு நாளாந்தத் தோணிப் போக்குவரத்துக் கொண்டிருந்த யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாந்திபேதி திரும்பத் திரும்பத் தலைதூக்கியது. 1847இல் வந்திறங்கி மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனும், டைக்கின் முயற்சியால் 1850இல் யாழ்ப்பாண நகரில் தோன்றிய நட்புறவுச் சங்க மருத்துவமனையும், இக்கொள்ளைநோய்ச் சூழலில் வைத்தே புரிந்துகொள்ளப்பட வேண்டியவை. அம்மருத்துவமனையே இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக வளர்ந்தது. 1876இல் தொடங்கிய சென்னை மாகாணப் பெரும்பஞ்சம் கோப்பித் தோட்டங்களுக்கு முன்னெப்போதுமில்லாத அளவில் ஆட்களைத் தள்ளியது. அதே பஞ்சம் இந்திய அரிசியை நம்பியிருந்த குடாநாட்டில் விலையை ஏற்றியது. 1877இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோருக்கு உணவளித்தது இந்தப் பின்னணியிலேதான். மலையில் ஆள்பெருக்கமும் குடாநாட்டில் கஞ்சித்தொட்டியும் ஒரே பஞ்சத்தின் இரு விளைவுகள் என்பதைப் பொதுவாக எவரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாணத்துத் தமிழர் ஏன் கூலியாட்களாகக் கோப்பித் தோட்டத்துக்குச் செல்லவில்லை என்ற வினாவுக்கு, மானம், சாதிப்பெருமை என்று மட்டும் விடைகூறுவது போதாது. புகையிலை அவர்களுக்குக் காசு தந்தது. திருவிதாங்கூர் வரை சென்று விற்ற அப்பயிர், ஆண்டின் பாதியை இறைப்பிலும் பதனிடுதலிலும் செலவிடச் செய்தது. இதைவிட முக்கியமாக, வட்டுக்கோட்டைச் செமினரி முதலான அமெரிக்க மிசன் கல்விக்கூடங்கள் ஆங்கிலம் பயின்ற ஒரு கூட்டத்தை உருவாக்கியிருந்தன. 1823 முதல் 1855 வரை இயங்கிய அச்செமினரியை மூடுவதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, அங்கே படித்தோர் ஊழியத்துக்கு வராமல் அரச உத்தியோகத்தையே நாடினர் என்பது. அந்த உத்தியோகங்களைப் பெருக்கியது எது? நில அளவை, பாதை, துறைமுகம், சுங்கம், நீதிமன்றம் ஆகிய திணைக்களங்களின் விரிவுக்குப் பெரும்பங்கு பணம் கோப்பி வருமானத்திலிருந்து வந்தது. மலையில் கொழுந்துவிட்ட பயிர் யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு எழுதுவினைஞர் மேசையாக வந்து வாய்த்தது என்று சொல்வதில் மிகையில்லை. குடாநாட்டு மண்ணிலும் அக்காலத் தோட்ட மோகம் ஒரு தடத்தைப் பதித்தது. 1840களில் ஐரோப்பியர் பச்சிலைப்பள்ளி மணல் நிலங்களில் பெருந்தென்னந் தோட்டங்களைத் திறந்தனர். பளைப் பகுதியின் தென்னை அன்றிலிருந்து நின்றுவருகிறது.

இனி, அச்சுக்கூடத்தின் கதை. 1820இல் அமெரிக்க மிசன் ஓர் அச்சகத்தையும் அதை இயக்க ஜேம்ஸ் கரெட் என்ற அச்சாளரையும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியபோது, அப்போது தற்காலிகமாக ஆட்சிப் பொறுப்பிலிருந்த அதே பார்ன்ஸ் அமெரிக்கர்மீது கொண்ட ஐயத்தால் அவரைத் தீவைவிட்டு வெளியேற்றினார். கோப்பியை அரவணைத்த கை அச்சைத் தள்ளிவிட்டது. பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின் தடை நீங்க, மானிப்பாயில் மிசன் அச்சகம் நிலைகொண்டது. 1841இல் வெளிவரத் தொடங்கிய ‘உதயதாரகை’ இதழும் இந்த அச்சுமுயற்சியின் பயனே. 1855இல் அச்சகம் ஸ்ட்ரோங், அஸ்பரி என்ற, அமெரிக்கப் பெயர் தாங்கிய உள்ளூர்த் தமிழர் கைக்கு மாறியது. கிறீன் மொழிபெயர்ப்பித்த மருத்துவ நூல்கள் பல அவர்கள் அச்சிட்டவை. அதே அச்சகத்தில் 1869இல் அச்சான ஒரு சிறுநூல்தான் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது: ஆபிரகாம் யோசேப்பு இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. கிருஷி என்பது வேளாண்மை. கும்மி என்பது கைகொட்டி வட்டமாக ஆடிப்பாடும் பாட்டுவகை. தோட்டத் துரைமாருக்கு வில்லியம் சபொனடியேர் 1866இல் வெளியிட்ட ஆங்கிலக் கையேடு இருந்தது. கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தொழிலாளிக்கும் எட்டும்படி தமிழில் பயிர்த்தொழிலைப் பாட்டாக்கிய நூல் யாழ்ப்பாணத்தில் அச்சாகி மலைக்குச் சென்றது. மலையகத் தமிழ் இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது. எழுத்தறியாதோரும் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ளக்கூடிய வடிவத்தைத் தேர்ந்தது அதன் ஆசிரியரின் நுண்ணறிவு. ஆனால் அவ்வடிவம் துரையின் சொல்லைத் தொழிலாளியின் வாயிலேயே ஏற்றிவிடுவதாகவும் இருந்தது என்பதை மறக்கலாகாது.

அக்காலத்துக் கோப்பிச் செய்கை எவ்வாறு நடந்தது என்பது சற்று விரித்துக் கூறத்தக்கது. முதலில் காட்டை வெட்டிச் சாய்த்து, சில வாரம் வெயிலில் காயவிட்டு, மாசி, பங்குனியில் தீயிட்டனர். சாம்பல் ஆறியபின் நூல்பிடித்து ஆறடிக்கு ஆறடி முளையடித்தனர். இந்த இடைவெளியில் ஓர் ஏக்கருக்கு 1,210 செடிகள் அடங்கும். ஒவ்வொரு முளையிலும் ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் கொண்ட குழி தோண்டி, மேல்மண்ணிட்டு நிரப்பி, நாற்றுமேடையில் வளர்த்த கன்றுகளை மழை தொடங்கியதும் நட்டனர். ஆணிவேர் குழியில் மடங்கிவிட்டால் செடி இரண்டாம் ஆண்டில் மஞ்சள் பூத்து வாடும் என்பதால், நடுகையே எல்லாவற்றிலும் கவனம் வேண்டிய வேலையாக இருந்தது. தன்போக்கில் விட்டால் இருபது அடிக்குமேல் உயரும் மரத்தை மூன்று அல்லது நான்கு அடியில் நுனி கிள்ளி நிறுத்தினர். பறிப்போர் கைக்கு எட்டவேண்டும், காற்றுக்கும் சாயக்கூடாது என்பதே நோக்கம். அதன்பின் ஆண்டுதோறும் கவ்வாத்து, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்தும் வேலை, நடந்தது. கோப்பி ஒருமுறை காய்த்த கணுவில் மீண்டும் காய்ப்பதில்லையாதலால், புதுக்கிளை எழச் செய்யும் கவ்வாத்துக்காரனின் கத்தியே அடுத்த ஆண்டு விளைச்சலை நிர்ணயித்தது.

மூன்றாம் ஆண்டில் முதற்பூ பூத்தது. கோடைமழை ஒன்று பெய்தபின் சில நாட்களில் மலைச்சரிவு முழுவதும் ஒரே நேரத்தில் வெண்மையாகி, மல்லிகையை நினைவூட்டும் மணம் வீசி, இரண்டு மூன்று நாட்களில் வாடிவிடும். அதன்பின் ஏழெட்டு மாதங்களில் காய் பச்சையிலிருந்து சிவப்பாகிறது. ஒரு பழத்தைப் பிளந்தால், தோலுக்கு அடியில் இனிப்பான மெல்லிய சதை, அதற்குள் வழுவழுப்பான பசை, அதற்கும் உள்ளே தோற்காகிதம்போன்ற மஞ்சள் ஓடு, அதற்குள் வெள்ளிப் படலம் போர்த்திய இரு கொட்டைகள் தட்டைமுகம் ஒன்றையொன்று பார்க்க அமைந்திருக்கும். சில பழங்களில் ஒரு கொட்டை மட்டும் உருண்டு திரண்டிருப்பதுண்டு. பறித்த அன்றே பழங்களைச் சிறு பற்களைக் கொண்ட செப்புத் தகடு சுற்றிய உருளையில் இட்டுச் சதையை நீக்கி, பசை நொதித்துக் கழலும்வரை ஓரிரவு தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, சாந்து பூசிய களத்தில் உலர்த்தினர். ஓட்டோடு கூடிய அந்தக் கோப்பி மாட்டுவண்டியில் கொழும்புக்கு இறங்கி, அங்கே பண்டகசாலைகளில் மீண்டும் காய்ந்து, ஓடு நீக்கப்பட்டு, பெண்களின் கையால் தரம் பிரிக்கப்பட்டுக் கப்பலேறியது. ஆறு இறாத்தல் பழம் ஓர் இறாத்தல் கொட்டையாகச் சுருங்கும். மலைக்கும் கொழும்புக்கும் இடையிலான இந்த வண்டிப் பயணத்தின் செலவும் தாமதமுமே 1867இல் கண்டிக்குப் புகையிரதப் பாதை வரக் காரணமாயின. யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பிலிருந்து நேர்ப்பாதை முடிவுற 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சான அதே 1869இல், மடுல்சீமைத் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் காணப்பட்டன. விரலால் தடவினால் துரு ஒட்டிக்கொள்வதுபோல் தூள் ஒட்டியது. பேராதனைத் தாவரத் தோட்ட இயக்குநர் துவைற்ஸ் அனுப்பிய இலைகளைப் பரிசோதித்த ஆங்கிலேயப் பூஞ்சணவியலாளர் பேர்க்லி, அது அதுவரை அறியப்படாத ஒரு பங்கசு எனக் கண்டு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். நோயுற்ற செடி உடனே சாவதில்லை. இலைகளை உதிர்த்து, மீண்டும் துளிர்த்து, மீண்டும் உதிர்த்து, ஆண்டுக்காண்டு காய் குறைந்து மெலிகிறது. துரைமார் ஏமாந்தது இந்த மெதுவான போக்கினால்தான். 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால், ஏக்கருக்கு நாலரை அந்தராக இருந்த சராசரி விளைச்சல் இரண்டு அந்தரை நோக்கி வீழ்ந்தபோதும் இலாபம் தெரிந்தது. ஓர் அந்தர் என்பது 112 இறாத்தல். மேலும் காடழித்து மேலும் நட்டு, 1878இல் பரப்பை ஏறத்தாழ 2,75,000 ஏக்கராக்கினர். நோய்க்கு அதைவிடச் சிறந்த தீனி கிடைத்திருக்க முடியாது.

1880இல் ஆய்வுக்காக வந்த இளம் தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட், பங்கசின் வித்திகள் காற்றில் மிதந்து வந்து, இலையின்மீது தங்கிய நீர்த்துளியில் முளைத்து, அடிப்புற நுண்துளைகள் வழியே உள்ளே புகுவதை விளக்கினார். பருவக்காற்று தடையின்றி வீசும் சரிவுகளில், காற்றைத் தடுக்க ஒரு காட்டுக்கீற்றுகூட விடாமல், மைல்கணக்கில் ஒரே பயிரை நட்டதே கேட்டுக்குக் காரணம் என்பதும் அவர் ஆய்விலிருந்து தெளிவாயிற்று. இதனோடு மற்றொன்றையும் சேர்த்து எண்ணவேண்டும். அரபிக்கா தன் மகரந்தத்தாலேயே கருவுறும் இனம். ஏமனிலிருந்து மலையாளக் கரை வழியாகப் பரவிய சில செடிகளின் வழித்தோன்றல்களே ஆசியாவெங்கும் நின்றன. ஒன்றை வீழ்த்திய நோய் எல்லாவற்றையும் வீழ்த்தியதற்கு இந்த நெருங்கிய உறவும் ஒரு காரணம். கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தனர். பயன் சிறிது, செலவு பெரிது. 1870ஆம் ஆண்டையொட்டிப் பத்து இலட்சம் அந்தராக இருந்த ஏற்றுமதி, 1890களில் பொருட்படுத்தத்தகாத அளவாயிற்று. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஒறியண்டல் வங்கி 1884 மே மாதத்தில் முறிந்தது; அதன் நாணயத் தாள்களே நாடெங்கும் புழங்கியதால் பீதி மலையோடு நிற்கவில்லை. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசு பொறுப்பேற்பதாக அறிவித்தார். இலங்கை அரசே தாள் நாணயம் வெளியிடும் முறை அந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் நட்ட தேயிலை, 1890களின் நடுப்பகுதிக்குள் மூன்று இலட்சம் ஏக்கரை எட்டிக் கோப்பியின் இடத்தைப் பிடித்த கதை பலரும் அறிந்தது. யாழ்ப்பாணத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதைவிடக் கவனிக்கவேண்டியது மலாயாவின் கதை. துருநோயால் நொடித்த துரைமார் சிலர் தம் முதலையும் அனுபவத்தையும் எடுத்துக்கொண்டு மலாயாவுக்குச் சென்று, சிலாங்கூர் முதலிய பகுதிகளில் தாழ்நிலத்துக்கு இசைந்த லைபீரியக் கோப்பியை நட்டனர். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு அமைந்த முதற் புகையிரதப் பாதைக்கு இலங்கையிலிருந்து பயனியர் படையணிகள் சென்றன. இலங்கையில் அரச செலவு சுருங்கி உத்தியோக வாய்ப்புக் குறைந்த அந்த ஆண்டுகளிலேயே, ஆங்கிலமும் கணக்கும் அறிந்த யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவின் புகையிரதம், நில அளவை, பொது வேலைத் திணைக்களங்களை நோக்கிக் கப்பலேறினர். 1890களின் நடுவில் விலைவீழ்ச்சியும் இலையுண்ணும் அந்துப்பூச்சிப் புழுவும் மலாயாக் கோப்பியையும் அழித்து இறப்பருக்கு வழிவிட்டன, எழுதுவினைஞர்கள் திரும்பவில்லை. அவர்கள் அனுப்பிய பணத்தால் குடாநாட்டில் எழுந்த கல்வீடுகளும், ஓய்வுபெற்று வந்த ‘மலாயன் பென்சனியர்’ என்ற சமூகப் பிரிவும், 20ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் முகத்தை மாற்றின.

பயிர் போனபின்பும் பானம் தங்கியது. 20ஆம் நூற்றாண்டில் தேயிலைத் தூள் மலிந்து ‘தேத்தண்ணி’ ஒவ்வொரு அடுப்படிக்கும் வந்துவிட்டபோதும், யாழ்ப்பாணத்து வீடுகள் கோப்பியைக் கைவிடவில்லை. அங்கே அது தமிழ்நாட்டு வடிகட்டிக் காப்பியினின்றும் வேறானது. கோப்பிக் கொட்டையைத் தாச்சியில் கருகாமல் வறுத்து, தனியே வறுத்த மல்லி, சீரகம், மிளகு, வேர்க்கொம்பு ஆகியவற்றோடு உரலிலிட்டு உலக்கையால் இடித்து, அரிதட்டால் அரித்து, கப்பியை மீண்டும் இடித்துத் தூளாக்குவர். கொதிநீரை ஊற்றிச் சற்றே அடைய விட்டு, பாலின்றி, சீனியோடு அல்லது பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பர். வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க உதவும் மூக்குப்பேணியே முற்காலத்தில் இதற்குரிய பாத்திரம். தடிமனுக்கும் சளிக்கும் மல்லியைக் கூட்டிக் கோப்பியைக் குறைப்பதும், மருந்துக் குடிநீருக்கும் பானத்துக்கும் இடையிலான எல்லையை அவரவர் வீட்டு வழக்கப்படி வைத்துக்கொள்வதும் இயல்பு. கோப்பி அருகி விலையேறிய காலங்களில் மல்லியின் பங்கு கூடியதும் எளிதில் ஊகிக்கத்தக்கதே. உரலிற் படும் கொட்டைகளுட் பல இன்று துருநோயை ஓரளவு தாங்கும் ரொபஸ்டா இனத்தவை. கண்டி, மாத்தளை, கேகாலைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடிக்கும் கமுகுக்கும் இடையே நிற்கும் செடிகளிலிருந்து பறிக்கப்பட்டு, வியாபாரிகளின் கை மாறி வடக்கே வருகின்றன.